பெரிய எழுத்தில் எழுதும் உரிமை

ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு எழுத்து. ஏ4 அளவுத் தாள், கறுப்பு பெயிண்ட், பட்டை பிரஷ். தாள் நிறைகிற மாதிரி ஒரு பெரிய எழுத்தை எழுதி, காய்வதற்காகத் தரையில் பரப்பிவிட்டு அடுத்த தாளை எடுக்க வேண்டும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் முப்பது நாற்பது தாள்கள் அறையை நிறைத்துவிடும். அப்புறம் அவற்றை வரிசை மாறாமல் அடுக்கிக்கொண்டு, பசை வாளியோடு நான்கைந்து பெண்கள் இரவில் தெருவில் இறங்குவார்கள். ஒருவர் சுவரில் பசை தடவ, இன்னொருவர் தாளை எடுத்துக் கொடுக்க, மூன்றாமவர் ஒட்டுவார். ஒருவர் தெருமுனையைப் பார்த்தபடி நிற்பார். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். விடிந்ததும் அந்த வழியாகப் போகிறவர்கள் படிப்பார்கள்: 'அவள் அவனை விட்டுப் போகிறாள். அவன் அவளைக் கொல்கிறான்.'

இது 2019-இல் பிரான்ஸில் தொடங்கியது. மார்கெரித் ஸ்டெர்ன் என்ற செயற்பாட்டாளர் முதலில் மார்செய் நகரில் இப்படி ஒட்டிப் பார்த்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டார். கணவனாலோ முன்னாள் துணைவனாலோ கொல்லப்பட்ட பெண்களின் எண்ணிக்கை அந்த ஆண்டில் நூறை நெருங்கியிருந்த நேரம் அது. செத்தவர்களின் பெயரையே சுவரில் எழுதினார்கள். சில மாதங்களில் பிரான்ஸின் பல நகரங்களிலும் அதற்கு வெளியிலும் இதே வெள்ளைத் தாள், இதே கறுப்பு எழுத்து. பின்னால் கருத்து வேறுபாட்டால் ஸ்டெர்னே இயக்கத்தை விட்டு விலகினார். அவர் போன பிறகும் சுவர்களில் எழுத்துகள் வந்துகொண்டேதான் இருந்தன, ஏனென்றால் அந்த முறை யாருக்கும் சொந்தமில்லை. பிரஷ் பிடிக்கத் தெரிந்த எவரும் அன்றிரவே தொடங்கலாம்.

கணினியில் தட்டி அச்செடுப்பது இதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். பிறகு ஏன் கையால் எழுத வேண்டும்? அந்தச் சுவரின் முன்னால் நின்று பார்த்தால் பதில் தெரியும். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் பிரஷ் காய்ந்து முனை சிதறியிருக்கும், இன்னொன்றில் பெயிண்ட் வழிந்திருக்கும். இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரை யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக, நேரம் செலவழித்து எழுதியிருக்கிறார் என்பது படிப்பதற்கு முன்பே நமக்குப் பட்டுவிடுகிறது. செய்தித்தாளில் நான்கு வரியில் முடிந்துபோன பெயர் அது.

பொது இடத்தில் பெரிதாக எழுதப்பட்ட எதற்கும் தானாகவே ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. தெருப்பெயர், எச்சரிக்கைப் பலகை, கடைப்பெயர், 'இங்கே நிற்காதே', 'உள்ளே வராதே' என்று எதைப் பார்த்தாலும், எழுதியது யார் என்று கேட்காமலே கீழ்ப்படிந்து நகர்கிறோம். சுவரில் பெரிதாக எழுத முடிந்தவர் அந்த இடத்தில் பேச உரிமை உள்ளவர் என்று நம் கண் பழகிவிட்டது. பெண்கள் போர்டு எழுதக் கற்றுக்கொள்வதையும் சமூக மாற்றத்துக்கு அதைப் பயன்படுத்துவதையும் அழகுக்கலை என்ற தலைப்பில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. பொதுவெளியில் பெரிய எழுத்தில் பேசும் உரிமை யாருடையது என்ற பழைய வழக்கில், இதுவரை கூப்பிடப்படாத ஒரு தரப்பு வந்து நிற்கிறது.

போர்டு எழுதுவது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகவே இருந்தது. பட்டறையில் சேர்ந்து, பிரஷ் கழுவி, ஏணி பிடித்து, டப்பா சுமந்து, வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்கிற தொழில். அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுப்பார், ஆசான் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஏணி, சாரம், நடுத்தெரு, இரவு வேலை என்று பெண்ணை விலக்கி நிறுத்தக் காரணங்கள் எப்போதும் தயாராக இருந்தன. ஆனால் பெண்களுக்கும் எழுத்து வேலை இருந்தது. துணியில் பூத்தையலாக எழுத்துப் பின்னுவது, வாழ்த்து அட்டை எழுதுவது, பீங்கானில் பெயர் தீட்டுவது. எழுத்து சிறிதாக, வீட்டுக்குள் இருக்கும் வரைக்கும் யாரும் தடுக்கவில்லை.

தொழிலின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்த்தால்தான் மற்றது விளங்கும். சுவரில் நேரடியாக வரைந்துவிட மாட்டார்கள். முதலில் முழு அளவில் தாளில் வரைவார்கள். பல்சக்கரம் வைத்த ஒரு சிறு கருவியைக் கோடுகள் மேல் உருட்டினால் வரிசையாக நுண்ணிய ஓட்டைகள் விழும். தாளைச் சுவரில் ஒட்டி, துணிப் பொட்டலத்தில் கட்டிய கரித்தூளை அதன் மேல் தட்டுவார்கள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளிப் புள்ளியாக எழுத்தின் உருவம். அதற்குப் பிறகுதான் பிரஷ். அணில் முடியில் செய்த நீளமான பிரஷ், எனாமல் பெயிண்ட், முனையில் உருண்டை கட்டிய ஒரு குச்சி. குச்சியைச் சுவரில் சாய்த்து அதன் மேல் மணிக்கட்டை வைத்தால் கை நடுங்காது. நேர்கோடு மேலிருந்து கீழ். வட்டம் என்றால் இடப்பக்கம் ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு, இரண்டும் சேருமிடம் தெரியக் கூடாது.

இடைவெளிதான் இதில் மிகவும் கஷ்டமானது. அளவுகோல் வைத்துச் சம இடைவெளி விட்டால் சொல் சிதறித் தெரியும். தமிழில் 'ட' வலப்பக்கம் திறந்திருக்கும் எழுத்து. அதற்குப் பக்கத்தில் வருவதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்காவிட்டால் சொல் நடுவில் உடைந்த மாதிரி இருக்கும். இதைக் கண்ணால்தான் செய்ய வேண்டும். தூரத்துக்கும் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: 10 அடிக்கு 1 அங்குல உயரம். 50 அடி தள்ளி நடந்து போகிறவர் வசதியாகப் படிக்க வேண்டுமானால் எழுத்து 5 அங்குலமாவது இருக்க வேண்டும். போராட்ட வாசகம் எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் உயிர்நாடி. வாசகத்தைத் தேடி வந்து யாரும் படிப்பதில்லை. போகிற போக்கில் இரண்டு மூன்று விநாடி பார்ப்பார்கள், அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். நன்றாக அமைந்த எழுத்து கத்தாது, உறுதியாகப் பேசும். கோபத்தில் கிறுக்கியது என்று அதை ஒதுக்கிவிட்டு நகர முடியாது.

1975-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இளம் போர்டு ஓவியர்கள் சிலர் 'லெட்டர்ஹெட்ஸ்' என்ற பெயரில் கூடி, அதுவரை பட்டறைக்குள் பூட்டி வைத்திருந்த தொழில் நுணுக்கங்களைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். 1980-களில் வினைல் என்ற ஒட்டும் பிளாஸ்டிக் தாளை வெட்டி எழுத்தாக்கும் கணினி இயந்திரங்கள் வந்தன. கையால் எழுதியவர்களின் பிழைப்பு சில ஆண்டுகளில் சரிந்தது. பல பட்டறைகள் மூடப்பட்டன. மிஞ்சியவர்கள் தொழிலைக் காப்பாற்ற, ஆர்வத்தோடு வந்த எவருக்கும் பயிலரங்குகளில் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வழியாகத்தான் பெண்கள் நிறைய உள்ளே வந்தார்கள் என்று நினைக்கிறேன். காவலுக்கு ஆள் இருந்தவரை திறக்காத கதவு, உள்ளே பணம் குறைந்ததும் திறந்தது. பெண்கள் நுழைந்த தொழில்களின் வரலாற்றில் இது புதிதில்லை என்பது வருத்தமான விஷயம்தான்.

ஆனால் எழுத்தைத் தெருவுக்குக் கொண்டுவரப் பெண்கள் அதுவரை காத்திருக்கவும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள், கூட்டம் எங்கே எப்போது என்பதை நடைபாதையில் சாக்கட்டியால் எழுதினார்கள். விளம்பரம் செய்யப் பணம் கிடையாது, பத்திரிகைகள் கண்டுகொள்வதில்லை. சாக்கட்டி கிட்டத்தட்ட இலவசம். கணுக்கால் வரை பாவாடையும் தொப்பியுமாக ஒரு பெண் பட்டப்பகலில் நடைபாதையில் மண்டியிட்டு எழுதுவதைக் காணவே கூட்டம் கூடிவிடும். போலீஸ் வந்து விரட்டும், சிலரைப் பிடித்தும் போகும். அதற்குள் பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

அதே காலத்தில் மேரி லவுண்ட்ஸ் வந்தார். இவர் வண்ணக் கண்ணாடி ஓவியர். சொந்தமாகக் கண்ணாடிப் பட்டறை நடத்தியவர். உயரத்தில், வெளிச்சத்துக்கு எதிரே இருக்கும் ஒன்றைத் தூரத்திலிருந்து எப்படிப் படிக்க வைப்பது என்பது அவருக்குத் தொழில் அறிவு. 1907-இல் வாக்குரிமைக்கான கலைஞர் சங்கத்தை அமைத்தார். 1908 ஜூன் 13 அன்று லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலம் போனபோது, இந்தச் சங்கம் வடிவமைத்த எழுபதுக்கும் மேற்பட்ட பதாகைகள் மேலே ஆடின. ஊர்ப் பெயர், தொழிற்சங்கப் பெயர் என்று பல இருந்தன. என்னை நிறுத்தி வைப்பவை வரலாற்றுப் பெண்களின் பெயர் தாங்கியவை. ஜேன் ஆஸ்டின், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், வானியலாளர் கரோலின் ஹெர்ஷல். மேரி கியூரிக்கும் ஒன்று இருந்தது, அப்போது அவர் உயிரோடு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பதாகைகளில் பெரும்பாலானவற்றைப் பெண்கள் கூடி உட்கார்ந்து துணியில் வெட்டித் தைத்தார்கள். வாக்கு கேட்கிற பெண்கள் வீட்டை மறந்தவர்கள், பெண்மை இல்லாதவர்கள் என்று கேலிப்படங்கள் வந்துகொண்டிருந்த காலம். வீட்டுக்குள் இருக்கும் வரை அனுமதிக்கப்பட்ட அதே ஊசி நூல் வேலையை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நடுத்தெருவில் தூக்கிப் பிடித்தது எவ்வளவு கூர்மையான பதில்! லவுண்ட்ஸின் வடிவமைப்பு ஏடு இன்றும் லண்டனில் பெண்கள் நூலகச் சேகரிப்பில் இருக்கிறது. நீர்வண்ணத்தில் வரைந்த பதாகைப் படங்களோடு, எந்தத் துணி, எந்த நிறம் என்று காட்டச் சிறு துணித் துண்டுகள் இணைக்கப்பட்டிருக்கின்றன.

இனி ஒரே ஒரு சொல்லின் கதை. பாஹியா ஷெஹாப் என்ற லெபனான்-எகிப்தியக் கலைஞர் கெய்ரோவில் வடிவமைப்பும் கலை வரலாறும் சொல்லித்தருபவர். 2010-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு கண்காட்சிக்கு அழைத்தார்கள். அரபு எழுத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவர் தேர்ந்தெடுத்த சொல் 'லா', அதாவது 'இல்லை, முடியாது'. 'லாம்', 'அலிஃப்' என்ற இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்டு வரும் மிகச் சிறிய சொல். 'இல்லை, ஆயிரம் தடவை இல்லை' என்று அழுத்திச் சொல்வது அரபு வழக்கு. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பள்ளிவாசல் சுவர், கல்லறைக் கல், பீங்கான் தட்டு, துணி என்று ஸ்பெயின் முதல் சீன எல்லை வரை, 1,400 ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆயிரம் 'லா'க்களைத் தேடிச் சேர்த்தார்.

அடுத்த ஆண்டே எகிப்தில் புரட்சி. 2011-இன் கடைசி மாதங்களில் ராணுவத்தின் வன்முறை தெருவுக்கு வந்தபோது, கண்காட்சியில் இருந்த அந்தச் சொற்களை அட்டையில் வெட்டி, ஸ்ப்ரே பெயிண்ட்டோடு அவர் கெய்ரோ தெருவில் இறங்கினார். ராணுவ ஆட்சி வேண்டாம், நெருக்கடி நிலைச் சட்டம் வேண்டாம், புத்தகங்களை எரிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு 'வேண்டாம்'-க்கும் வரலாற்றிலிருந்து ஒரு தனி 'லா'. அந்த டிசம்பரில் ஒரு பெண்ணைச் சிப்பாய்கள் அடித்து இழுத்துச் சென்றபோது அவருடைய ஆடை விலகி, நீல நிற உள்ளாடை தெரிந்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. ஷெஹாப் அந்த நீல உள்ளாடையின் வடிவத்தைச் சுவரில் பதித்து 'மக்களை உரித்துக் காட்ட வேண்டாம்' என்று எழுதினார். அவமானப்பட வேண்டியவள் அந்தப் பெண்தான் என்று பேசியவர்கள் அப்போது நிறையப் பேர். அவமானம் எந்தப் பக்கம் என்பதை அந்தச் சுவர் திருப்பிப் போட்டது. அட்டையில் வெட்டிய எழுத்து சுத்தமான கைவேலை ஆகுமா என்று கேட்கலாம். நூற்றாண்டுகளுக்கு முன் யார் யாரோ செதுக்கியதும் நெய்ததுமான அந்த வளைவுகளைத் தேடிக் கண்டுபிடித்து வெட்டியவர் அவர். எனக்கு அது போதும்.

எல்லாப் பெண்களும் இப்படி மரபின் அழகைத் தேடிப் போனதில்லை. பொலிவியாவின் லா பாஸ் நகரில் மரியா கலிந்தோ, ஹுலியேத்தா பரேதெஸ் முதலியோர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'முஹேரெஸ் கிரேயாந்தோ' என்ற அமைப்பைப் பாருங்கள். தெருச் சுவரில் அவர்கள் எழுதுவது பள்ளிக்கூடக் கையெழுத்து மாதிரி வளைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும் எழுத்தில். எழுதிய நபரின் பெயர் இருக்காது, அமைப்பின் பெயர் மட்டும் கீழே இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதப் பழக்கப்பட்ட அதே கை, ஆட்சியாளர்களையும் கணவன்மார்களையும் தேவாலயத்தையும் தட்டிக்கேட்கிறது. 'நிலமும் பெண்களும் வெற்றிகொள்ளும் பிரதேசங்கள் இல்லை' என்று அந்த மெல்லிய எழுத்தில் படிக்கும்போது, கட்டைக் கட்டையான அச்செழுத்தில் இருந்திருந்தால் இவ்வளவு உறைத்திருக்குமா என்று தோன்றுகிறது. ஒரு தெருவில் உரத்துப் பேசுவது பலிக்கும், இன்னொரு தெருவில் நேருக்கு நேர் பார்த்து மெல்லச் சொல்வது பலிக்கும்.

விளம்பர எழுத்தையே எடுத்துத் திருப்பியவர் கொரிட்டா கென்ட். லாஸ் ஏஞ்சல்ஸில் கன்னியாஸ்திரியாக இருந்து கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். 1960-களில் கடைத்தெருவின் விளம்பர வாசகங்களை எடுத்து, தாளை வளைத்தும் சுருட்டியும் படம்பிடித்து, அந்த நெளிந்த எழுத்துகளைக் கையால் வெட்டி, திரை அச்சில் பிரகாசமான நிறங்களில் போட்டார். பக்கத்தில் பசியையும் போரையும் நிறவெறியையும் பற்றிய வரிகள் பொடியாக அவர் கையெழுத்திலேயே இருக்கும். 1965-இல் அதே நகரின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் கொந்தளித்தபோது, அந்தச் செய்தி வந்த நாளிதழின் முதல் பக்கத்தையே ஒரு படத்தில் வைத்து, சிவப்புப் பரப்பின் மேல் தன் கையால் எழுதினார். எவரும் வாங்கும்படி தன் அச்சுகளைக் குறைந்த விலைக்கு விற்றார். திருச்சபையின் மேலிடத்தோடு மோதல் முற்றி, 1968-இல் துறவு மடத்தை விட்டு வெளியேறினார்.

சான்ஃபிரான்சிஸ்கோவின் சுவர் ஓவியர் மார்கரெட் கில்காலன் 2001-இல் தன் முப்பத்து மூன்றாவது வயதிலேயே மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். பொது நூலகத்தில் பழைய புத்தகங்களைச் சீர்செய்யும் வேலை பார்த்தவர். தன் குடியிருப்புப் பகுதியில் கையால் எழுதிய கடைப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றார். புரொஜெக்டரோ இயந்திரமோ எதையும் பயன்படுத்த மாட்டார். சுவர் முழுக்க அவர் பெரிதாக எழுதியவற்றில், நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் பெண்ணான ஃபேனி டியூராக், பாஞ்ஜோ என்ற நரம்பிசைக் கருவி வாசித்த மடோகி ஸ்லாட்டர் போன்றவர்களின் பெயர்கள் உண்டு. கடை முதலாளியின் பெயருக்கென்று இருந்த பெரிய எழுத்து மறக்கப்பட்ட பெண்களுக்குக் கிடைத்தது.

எழுதுவதற்கு முன் கேட்பதும் இந்த வேலையில் ஒரு பாதி. ஓவியர் தத்யானா ஃபஸ்லலிசாதே 2012-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது அப்படித்தான். தெருவில் ஆண்களின் சீண்டலுக்கு ஆளான பெண்களோடு உட்கார்ந்து பேசுவார், அவர்கள் முகத்தைப் பென்சிலால் வரைவார், அந்த ஆண்களிடம் அவர்கள் சொல்ல விரும்பியதைக் கீழே எழுதி, சீண்டல் நடக்கும் தெருக்களின் சுவர்களிலேயே ஒட்டுவார். 'பெண்களைச் சிரிக்கச் சொல்வதை நிறுத்து' என்பது அதில் பிரபலமான வாசகம். ஆறு ஆண்டு கழித்து நகரத்தின் மனித உரிமை ஆணையமே அவரைத் தன் முதல் பொதுவெளிக் கலைஞராக அழைத்தது.

ஒரு சுவர் எழுத்து கொலையைத் தடுக்குமா, சட்டத்தை மாற்றுமா? தனியாக மாற்றாது. லவுண்ட்ஸின் பதாகைகள் ஊர்வலம் போய்ப் பத்து ஆண்டு கழித்து, 1918-இல்தான் பிரிட்டனில் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க 1928 வரை ஆனது. இன்னொரு சிக்கல் பணம். நல்ல காரியம் என்றால் பெண் இலவசமாக எழுதித் தருவாள் என்ற எதிர்பார்ப்பு எங்கும் இருக்கிறது. இரண்டு நாள் ஏணியில் நின்று செய்யும் வேலைக்குக் கூலி கேட்டால் கொள்கைப்பிடிப்பு இல்லாதவள் என்று பெயர் வரும். பெண்ணுரிமை பேசும் அமைப்புகளே இப்படிக் கேட்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. சமத்துவம் என்ற சொல்லை எழுதுகிறவருக்கே சம்பளம் கொடுக்காமல் எப்படி? அதோடு, கையெழுத்து அழகாக இருப்பதாலேயே வியாபாரிகளும் அதைத் தேடி வருகிறார்கள். சுவரில் கேள்வியாக இருந்த வாசகம் பனியனில் அலங்காரமாகிவிடுகிறது.

அழிப்பதும் ஓயாது. மெக்சிகோ நகரின் ஒரு பகுதியில் 2022-இல் தெருக்கடைகளில் கையால் எழுதிய பலகைகளையெல்லாம் அழித்து ஒரே மாதிரி வெள்ளையடிக்க உள்ளாட்சி நிர்வாகம் உத்தரவிட்டது. எதிர்த்து நின்றவர்கள் ஒன்றுசேர்ந்து அந்த எழுத்துகளைப் பாதுகாக்க ஓர் அமைப்பையே உருவாக்கினார்கள். பிரான்ஸில் வெள்ளைத் தாள்களை நகராட்சி ஊழியர்கள் தண்ணீர் பீய்ச்சி எடுக்கிறார்கள், சில சமயம் வழிப்போக்கர்கள் நகத்தால் சுரண்டிக் கிழிக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் போவது கைக்கு எட்டும் தாள்கள்தான். பசை நன்றாகப் பிடித்த இடங்களில் மூலைகள் மட்டும் மிஞ்சியிருக்கும், பாதி எழுத்தாக. எது போயிற்று என்று மனத்துக்குள் நிரப்பிக்கொண்டுதான் அந்த வாக்கியத்தைப் படிக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை அதே சுவரில் இன்னும் உயரத்தில் ஒட்ட நினைத்தால் ஓர் ஏணி வேண்டும்.